கோழி சொன்னால் கேட்பாள்

எந்த வேலையிலும் எட்டு வருடம் குப்பை கொட்டினால் ஒரு பதவி உயர்வாவது கிடைக்கும். ஏடிஎச்டி என்கிற கவனச்சிதறல் உள்ள பிள்ளையை வீட்டில் வளர்க்கும் வேலையில் நான் எட்டு வருடமாக ‘காலுறையைப் போடு’ என்ற இடத்திலேயே நிற்கிறேன். என் மகள் ரீனா கெட்டிக்காரி. ஒரு காலுறையைப் போட்டு மற்றதைத் தேடுவதற்குள் வேறு மூன்று வேலைகளைத் தொடங்கிவிடுவாள். இதில் களைப்பைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், பொறாமையைத்தான் தாங்க முடியவில்லை. நமக்குள் என்ன ஒளிவுமறைவு, சொல்லிவிடுகிறேன்.

மூடிய பென்சில் டப்பா

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. பக்கத்து வீட்டு விமலாவின் மகளும் ரீனாவும் ஒரே வகுப்பு. மாலையானால் அந்தப் பெண் வாசலில் மேசை போட்டு உட்காருவாள். எழுதுவாள். முடிப்பாள். புத்தகத்தைப் பையில் வைப்பாள். கடைசியில் பென்சில் டப்பாவை மூடுவாள் பாருங்கள், அங்கேதான் எனக்கு வயிறு எரியும். என் வீட்டில் டப்பா ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம், பென்சில்கள் பேராக் மாநிலம் முழுக்க.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் வேலியோரம் நின்று பார்ப்பேன். யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் விமலா எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “அக்கா, அந்த ரோஜாவுக்கு இன்னிக்கி மூணாவது தடவ ஊத்துறீங்க. செத்துரும்லா!”

ஏழு மணி அப்பா

என் கணவருக்குக் கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை. வீடு திரும்ப ஏழு மணியாகும். அதற்குள் குளியல் சண்டை, வீட்டுப்பாடச் சண்டை, சோற்றுச் சண்டை எல்லாம் முடிந்திருக்கும். கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் ரீனா ஓடிப்போய் அவர் தோளில் தொங்குவாள். இருவரும் சிரிக்கிற சிரிப்பு அடுப்படி வரை கேட்கும். நாள் முழுக்க அடி உதை வாங்குவது நான், முத்தம் வாங்குவது அவர்.

ஒரு நாள் அவள் பள்ளிக் காலணியைக் கூரைமேல் எறிந்த கதையை மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் தன் மடியில் உட்கார்ந்து மீசையைச் சீவிவிட்டுக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “எங்கிட்ட நல்லாத்தானே இருக்கா?”

வீட்டுக்கு வந்த கோழி

கத்தாதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் சொல்லுங்கள், டைமர் வையுங்கள் என்றார் ரீனாவுக்குச் சிகிச்சை கொடுக்கும் அம்மா. எதை எடுத்தாலும் ரெண்டு வெள்ளி என்று விற்கும் கடையில் மஞ்சள் கோழி வடிவத்தில் ஒன்று வாங்கினேன். கழுத்தைத் திருகினால் டிக் டிக் என்று ஓடி, நேரம் முடிந்ததும் மணி அடிக்கும். நான் இருபது தடவை சொல்லியும் துலக்காத பல்லைக் கோழி ஒரே வாரத்தில் துலக்க வைத்தது. காலுறையும் காலுக்கு ஏறியது, இரண்டுமே.

சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் ஒரு நாள் படுக்கும் முன் ஜெபத்தில் ரீனா முதலில் அப்பாவுக்காக வேண்டினாள், அடுத்துக் கோழிக்காக வேண்டினாள். நான் மூன்றாவது. நான் சொன்னால் மட்டும் ஏன் உன் காதில் விழுவதில்லை என்று கேட்டேவிட்டேன். யோசிக்காமல் சொன்னாள்: “நீ கத்துறமா. கோழி கூப்புடுது.”

ஒரு திங்கட்கிழமை

அவள் எழுவதற்கு முன் கோழியை எடுத்து அரிசித் தொட்டிக்குள் புதைத்தேன். ஆமாம், பெற்ற தாய்தான். ஒரே ஒரு நாள் என் வார்த்தைக்காக அவள் கிளம்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. “இன்னிக்கி அம்மா சொல்றேன், வா” என்று தேன் ஒழுகக் கூப்பிட்டேன். அவளோ கோழியைத் தேடினாள். கட்டிலுக்கு அடியில், குளிர்பெட்டியில், அலமாரித் துணிகளைக் கீழே இழுத்துப் போட்டு. தேன் சீக்கிரமே தீர்ந்து நான் கத்த ஆரம்பித்தேன்.

பள்ளி வேன் வந்துவிட்டது. ஓட்டும் மணி அண்ணன் வாலிபத்தில் இங்கே இருந்த தோட்டத்திலேயே பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற கங்காணி மாதிரி “பெரட்டு! பெரட்டு!” என்று கூவித்தான் பிள்ளைகளை ஏற்றுவார். கையில் ஒற்றைக் காலுறையோடு நின்ற என்னைப் பார்த்தார், உள்ளேயிருந்து வந்த அழுகையைக் கேட்டார். “என்ன தங்கச்சி, கோழி லீவா?”

ஐந்து நிமிடம்

வேன் போய்விட்டது. வேன்காரர் வரைக்கும் கோழியின் புகழ் போயிருக்கிறதே என்று எரிச்சலோடு உள்ளே வந்தேன். ரீனா துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து தன் தலையிலேயே குட்டிக்கொண்டிருந்தாள். “நாந்தான் தொலைச்சிட்டேன். நான் எல்லாத்தயும் தொலைக்கிறேன்.” எட்டு வயதுப் பிள்ளையின் கோழியோடு போட்டி போட்டு என்ன செய்து வைத்திருக்கிறேன்!

கோழியை எடுத்து அரிசியைத் தட்டி அவள் கையில் வைத்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவளே, “நீ எடுத்து வச்சிட்டு மறந்துட்டியா? தாப்பா, பரவால்லமா. எனக்கும் அப்படித்தான் ஆவும்” என்றாள். அப்படி ஒரு வார்த்தையை நான் அவளுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

“மறக்கலடா. ஒளிச்சி வச்சேன். அது சொன்னா கேக்குற, நான் சொன்னா கேக்க மாட்டேங்கிற. எனக்குப் பொறாமையா இருந்துச்சி” என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் கோழியின் கழுத்தைத் திருகிக் கீழே வைத்தாள். என்னை ஒட்டி உட்கார்ந்து, ஓயாமல் ஆடுகிற காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அஞ்சு நிமிஷம் வச்சிருக்கேன். அழு. அப்புறம் போலாம்.”

பள்ளி அலுவலகத்தில் தாமதமாக வருபவர்களுக்கான புத்தகத்தில், காரணம் எழுதும் இடத்தில் எப்போதும் மகளையே மாட்டிவிடும் நான், அன்று ‘அம்மாவால்’ என்று எழுதிவிட்டு, கோழி மணி அடித்த பிறகும் என் கையை விடாதவளை வகுப்புக்கு அனுப்ப மனமில்லாமல் இன்னும் கொஞ்சம் தாமதமாக்கினேன்.