மூடியில்லாத காரும் மூன்று தீவன மூட்டையும்

கோழித்தீவனம் கருகினால் என்ன வாசம் வரும் தெரியுமா? மக்காச்சோளத்தையும் கருவாட்டையும் ஒன்றாகப் போட்டு வறுத்த மாதிரி... பாதி பசிக்கும், பாதி குமட்டும். ஒரு காரின் கதவு ஒழுங்காகத் திறப்பதற்காக அந்த வாசத்தில் ஒரு முழு நாள் நின்றவள் நான்.

படிப்பு முடிந்து முதல் வேலை. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. அங்கே இன்ஜினியர் என்று இருந்தது நான் ஒருத்திதான். அந்தக் கெத்து கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு நாள் காலையில் போர்வெல் வண்டி முதலாளி பொன்னுசாமி அண்ணன் ஒரு சிவப்புக் காரில் வந்து இறங்கினார். இறங்கினார் என்றால்... கதவைத் தாண்டிக் குதித்தார். அறுபது வயசு, வேட்டி வேறு.

காருக்குக் கூரை கிடையாது. மூடின காராக இருந்ததை எவனோ ஒரு பந்தயப் பைத்தியம் கூரையை அறுத்துவிட்டு, முந்நூறு குதிரைசக்தி இன்ஜினையும் உள்ளே வைத்து, இவர் தலையில் கட்டியிருக்கிறான். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முன் கண்ணாடிச் சட்டம் நடுங்கும். ஆள் ஏறி உட்கார்ந்தாலே வண்டி நடுவில் தொய்ந்து, கதவு இறுகிக்கொள்ளும்.

அப்படித்தான் குலதெய்வக் கோயில் வாசலில் அவர் மனைவி ருக்மணி அக்கா உள்ளே மாட்டிக்கொண்டார். மூட்டுவலிக்காரர், குதிக்க முடியாது. மொத்தச் சொந்தமும் வேடிக்கை பார்க்க, கொழுந்தன்மார் நாலு பேர் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். இனி இந்த வண்டியில் ஏறவே மாட்டேன் என்று அங்கேயே சொல்லிவிட்டாராம்.

"முப்பது வருசம் ஆந்திரா, ஒரிசான்னு போர் போடப் போயிட்டனுங்க அம்மணி. அவ ஊட்லயே கெடந்தா. அவளப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டோணும்னுதான் இந்த வண்டியே வாங்குனனுங்க. அவ ஏறுலீன்னா எனக்கெதுக்கு இது? வித்துப்போடுவேன்."

சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. "நான் சரி பண்ணித் தர்றனுங்கண்ணா" என்று முந்திரிக்கொட்டை மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் வெல்டிங் மேஸ்திரி ஆரோக்கியம் அண்ணன். அஸ்தம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். டார்ச் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. பிறகு தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"ஏம்மா... இதுல சேஸிஸ் எங்கம்மா?"

லாரிக்கு இரண்டு நீளச் சட்டம் தனியாக இருக்கும். எல்லாம் அதன்மேல்தான். இந்தக் காருக்கு அப்படி எதுவும் கிடையாது. தரை, பக்கம், கூரை எல்லாம் சேர்ந்துதான் பலம். அட்டைப்பெட்டியின் மேல்பக்கத்தை வெட்டிவிட்டால் பெட்டி நெளியும் இல்லையா, அதே கதை. விளக்கிச் சொன்னேன்.

"அப்ப நாமளே ஒண்ணு போட்டுருவோம்" என்றார், சட்டையைத் தட்டிக்கொண்டே.

இரண்டு கதவுக்குக் கீழேயும் நீளமாகச் சதுர இரும்புக் குழாய். நடுவில் பெருக்கல் குறி மாதிரி குறுக்குச் சட்டம். கணக்கெல்லாம் நான்தான். காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி வெல்டு வைத்தோம். கதவு டப்பென்று மூடியது, டப்பென்று திறந்தது. பட்டறையே கைதட்டியது.

கீழே இறக்கி, நானும் பொன்னுசாமி அண்ணனும் ஏறி உட்கார்ந்தோம்.

கதவு திறக்கவில்லை.

சுடிதாரோடு நான் தாண்டிக் குதித்த அழகை அந்தப் பட்டறையில் ஒருத்தரும் மறந்திருக்க மாட்டார்கள்.

"காலி வண்டிய ஸ்டாண்டுல வெச்சாம்மா கணக்குப் போட்ட?" ஆரோக்கியம் அண்ணன் சிரிக்காமல் கேட்டார். அதுதான் இன்னும் மோசம். லோடு ஏற்றிப் பார்க்காமல் லாரிக்காரர்கள் எதையும் நம்ப மாட்டார்கள், நான் நம்பிவிட்டேன். மானம் போயிற்று. போட்ட வெல்டையெல்லாம் அறுத்தோம்.

இந்த முறை கார் தன் சக்கரத்திலேயே நிற்கட்டும், சீட்டில் ஆள் எடையை வைப்போம், நடுவில் ஜாக்கி கொடுத்துக் கதவு இடுக்கு சீராக வந்த பிறகு வெல்டு வைப்போம் என்று முடிவானது. ஆள் எடைக்கு எங்கே போவது? நாமக்கல்லில் அதற்கென்ன பஞ்சம்... ஐம்பது கிலோ கோழித்தீவன மூட்டை.

"அக்கா எத்தன கிலோ இருப்பாங்கண்ணா?"

"அதக் கேட்டுப்போட்டு நான் ஊட்டுக்குள்ள போவ முடியுமுங்களா?"

அவர் சீட்டில் ஒன்றரை மூட்டை. அக்கா சீட்டில் ஒன்று வைத்ததும் பொன்னுசாமி அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இன்னொரு அரை மூட்ட போடுங்க. நாஞ் சொன்னேன்னு வெளிய போவ வேண்டாம்."

ஈரச்சாக்கு போர்த்தியும் பொறி தெறித்து மூட்டை புகைந்தது. நான் தண்ணீர் ஊற்ற, ஆரோக்கியம் அண்ணன் இருமிக்கொண்டே வெல்டு வைத்தார். சாயங்காலம் ஜாக்கியை இறக்கினோம். கதவு இடுக்கு ஒரு நூல்கூட அசையவில்லை. ஆனாலும் அக்கா ஏற வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுசாமி அண்ணனும் அக்காவும் வந்தார்கள். ஆரோக்கியம் அண்ணன் சர்ச்சில் காலைப் பூசை முடித்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார். அக்கா நேராகப் போய்க் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாட்டிக்கிட்டா நீதான் என்னயத் தூக்கோணும், சொல்லிப்போட்டேன்."

ஏறி உட்கார்ந்தார். கார் உறுமிக்கொண்டு மோகனூர் ரோட்டில் போய் மறைந்தது. எங்களுக்கு டீ இறங்கவில்லை.

இன்று நான் ஓசூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் இருக்கிறேன். வண்டி எங்கே எவ்வளவு வளையும் என்று இரும்பு வெட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டர் சொல்லிவிடும். கதவை ஓர் இயந்திரக் கை ராத்திரி பகலாகத் திறந்து மூடும். ரிப்போர்ட் வரும், கையெழுத்துப் போடுவேன், சாப்பிடப் போவேன். நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கதவுக்காக நெஞ்சு படபடத்தது அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அக்காவின் கொண்டை அவிழ்ந்து முடியெல்லாம் பறந்துகிடந்தது. கைப்பிடியை இழுத்தார். கதவு ஒரே இழுப்பில் திறந்தது.

ஒரு காலைக் கீழே வைத்தவர், எங்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்தார். காலை உள்ளே எடுத்துக்கொண்டு, கதவைத் தானே இழுத்து மூடினார்.

"ஏனுங்க மாமா... காவேரி வரைக்கும் போய்ட்டு வரலாமுங்களா?"