ஓரத்தில் நின்ற குறுக்குக் கோடு

விக்னராஜாவோடு ஒரு வாரம் வேலை செய்தவர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போய்விடும். அவருக்கு ஒரு வாரம் தேவையில்லை, முதல் நாளே அவர்களைப் பிடிக்காது. கோணலாக எதையும் பார்த்துவிட்டால் அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. தன் கலியாணத்தன்று மணவறையின் இடப்பக்கக் கால் சரிந்து நிற்கிறது என்று ஐயரிடம் முறையிட்டு, தாலி கட்டும் நேரத்தைப் பத்து நிமிடம் பிந்த வைத்த மனிதர். அந்தப் பத்து நிமிடத்துக்காக மனைவி சிவனேஸ்வரி பதினாறு வருடமாகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

கொழும்பில் நில அளவைக் கருவிகள் திருத்தும் பட்டறையொன்றில் இருந்தவர். மேலதிகாரியின் கருவி பிழை காட்டுகிறது என்று நாலு பேர் முன்னால் சொல்லி, அதை எழுத்திலும் கொடுத்தார். அதற்குப் பிறகு அவருக்கு அங்கே பதவி உயர்வு என்ற பேச்சே இல்லை. எழுபத்தைந்தில் சிட்னிக்கு வந்து பென்டில் ஹில்லில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினார். படித்த தொழிலுக்கு வேலை கிடைக்கவில்லை. பரமற்றாவில் வேட்டைத் துவக்குகள் விற்கும் ஒரு கடையின் பின்னறையில், குறிபார்க்கத் துவக்குக்கு மேல் பூட்டும் தூரக்கண்ணாடிகளான ஸ்கோப்புகளைத் திருத்தும் வேலைதான் கிடைத்தது.

கடைக்காரன் கென் ஹார்வுட் அவரை “விக்” என்று கூப்பிடுவான். அந்த அரைப் பேரைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். வாடிக்கையாளர்கள் அதைவிட மோசம். ஒருவன் துவக்கைக் கொடுத்துவிட்டு, பின்னறையை எட்டிப் பார்த்து, அங்கே ஒரு கறுத்த மனிதர் இருப்பதைக் கண்டதும், அவசரமாகத் திருப்பி வாங்கிக்கொண்டு போனான். கென் அவனைத் தடுக்கவும் இல்லை, இவரிடம் ஒரு சொல் சொல்லவும் இல்லை. விக்னராஜா அந்த ஆளின் பெயரை இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறார்.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. பழைய ஸ்கோப்புக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய கோடு அறுந்துபோனால், அதற்குப் பதிலாக அவர் சிலந்தி நூலைத்தான் கட்டுவார். நில அளவைக் கருவிகளுக்குக் கட்டிப் பழகிய கை. அதற்காக ஒரு சிலந்தியை ஜாம் போத்தலில் போட்டு குசினி யன்னலில் வைத்திருந்தார்.

“வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற வீடு இது. மிருகம் சுடுற சாமானுக்குக் கண் வைச்சுக் குடுக்கிற வேலை, அதுக்குக் குசினிக்குள்ளை பூச்சி வேறை! வெக்கமா இல்லையோ?” என்பாள் சிவனேஸ்வரி.

“நான் ஒண்டையும் சுடேல்லை. கண்ணாடியைத்தான் துடைக்கிறன்.”

“ஓம், ஓம். பன்றியிட்டைப் போய்ச் சொல்லுங்கோ.”

இந்த வேலையிலிருந்து தப்ப அவருக்கு ஒரேயொரு வழி கிடைத்தது. நகரத்தில் நில அளவைக் கருவிகள் திருத்தும் பட்டறையில் ஒரு இடம் காலியாக இருந்தது. அவருடைய கொழும்புச் சான்றிதழ்களைப் பார்த்து அவர்கள் தலையாட்டினார்கள். ஆனால் ஆஸ்திரேலிய முதலாளி ஒருவரின் கடிதம் இல்லாமல் எடுக்க மாட்டோம் என்றார்கள். அவருக்குத் தெரிந்த ஒரே ஆஸ்திரேலிய முதலாளி கென். மூன்று தடவை கேட்டும், “பார்க்கலாம், விக்” என்றுதான் பதில் வந்தது. மாத முடிவுக்குள் கடிதம் போகாவிட்டால் இடம் போய்விடும்.

அந்த மாதத்தில்தான் பெர்ட் மல்லனின் துவக்கு வந்தது. போரில் பாவித்த பழைய த்ரீ-நாட்-த்ரீ, மரக்கட்டையைச் சீவி வேட்டைக்கு ஏற்றதாக ஆக்கியது. அதன் மேல் முப்பதுகளில் ஜெர்மனியில் செய்த ஒரு ஸ்கோப். கோடு அறுந்திருந்தது. புதிதாக வரும் ஜப்பான் ஸ்கோப்புகளில் எந்தத் திருகை எவ்வளவு திருப்பினாலும் கோடு வட்டத்தின் நடுவில்தான் தெரியும். பழையவை அப்படியல்ல. திருகைத் திருப்பினால் கோடே நகர்ந்து ஓரத்துக்குப் போய்விடும். பெர்ட் குறி சரிபார்த்து வைத்த இடத்தைக் காட்ட, திருகில் ஊசியால் ஒரு கீறு போட்டிருந்தது. என்ன திருத்தினாலும் கடைசியில் திருகைக் கீறுக்கே கொண்டுவந்து விட வேண்டும் என்பது கடையின் சட்டம். விக்னராஜா அதை ஒருநாளும் மீறியதில்லை.

புது நூலைக் கட்டி, திருகைக் கீறில் வைத்து, கண்ணை வைத்துப் பார்த்தார். கோடு வட்டத்தின் வலது ஓரத்தில், விழுந்துவிடும் போல ஒட்டிக்கொண்டு நின்றது. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. நில அளவைக் கருவியில் கோடு நடுவில் நிற்காவிட்டால் கருவி பிழை. அதற்கு மேல் பேச்சில்லை. இருபது வருடம் அதைத்தான் செய்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திருகைத் திருப்பிக் கோட்டை நட்டநடுவில் கொண்டுவந்து, மனம் குளிர்ந்து, துவக்கைக் கட்டி வைத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெர்ட் மல்லன் கடை அதிர வந்தான். நண்பனின் பண்ணையில் நூற்றைம்பது யார் தூரத்தில் நின்ற பன்றிக்குக் குறி வைத்தானாம். குண்டு மூன்றடி வலப்பக்கம் போய், நண்பனின் தண்ணீர்த் தாங்கியைத் துளைத்துவிட்டது. மழை இல்லாத வருடம். தாங்கியில் மிச்சமிருந்த தண்ணீரும் மண்ணில் போய்விட்டது. நண்பன் இனித் தன் பண்ணைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே என்று துரத்திவிட்டான்.

“இருபது வருசச் சிநேகம்! உன்ரை அந்தக் கறுவல் என்ன செய்தவன், கென்?”

கென் பின்னறைக்கு வந்து கதவைச் சாத்தினான். “கீறிலை விட்டனியா?”

“இல்லை.”

“அப்ப வெளியிலை வந்து உன்ரை பிழை எண்டு சொல்லி மன்னிப்புக் கேள். இண்டைக்கே உன்ரை கடிதத்தை எழுதித் தாறன்.”

ஒரு மன்னிப்பு. நாலு சொல். சிவனேஸ்வரியாக இருந்தால் எட்டுச் சொல்லும் சேர்த்துச் சொல்லியிருப்பாள். அவர் எழும்பி வெளியே போனார். ஆனால் போகிற வழியில் துவக்கைக் கையிலெடுத்துப் பார்த்தார். ஸ்கோப்பைத் தாங்கும் இரும்பு பூட்டியிருந்த இரண்டு ஓட்டைகளையும் சட்டைப்பையிலிருந்த நுண்ணளவியால் அளந்து பார்த்தார். அத்தோடு மன்னிப்பு எங்கேயோ ஓடிப்போய்விட்டது.

பெர்ட்டைக் கையைப் பிடிக்காத குறையாகப் பின்கதவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். துவக்கின் பின்பூட்டைக் கழற்றி, குழல் கதவுக்கு வெளியே பார்க்கத் துவக்கைப் பிடிகருவியில் இறுக்கினார். “குழலுக்குள்ளாலை பாரும். என்ன தெரியுது?”

“தொழிற்சாலைப் புகைக்குழாய்.”

“இனி ஸ்கோப்பாலை பாரும்.”

பெர்ட் பார்த்தான். புகைக்குழாயை விட்டு இடப்பக்கம் ஆறடி தள்ளி வெறும் வானத்தில் கோடு நின்றது.

“நான் கோட்டை நடுவிலை வைச்சது சரி. ஸ்கோப்பைப் பூட்டின ஓட்டைதான் கோணல். பின் ஓட்டை அங்குலத்திலை ஆயிரத்தில் முப்பத்திமூண்டு பங்கு விலகி நிக்குது. இதைத் துளைச்சவனுக்குத் துளைக்கத் தெரியாது.”

பின்னால் வந்து நின்ற கென்னின் முகம் கழுத்துவரை சிவந்தது. பெர்ட் மெதுவாக நிமிர்ந்தான்.

“எனக்குத் தெரியும்” என்றான். “பதினெட்டு வருசமாத் தெரியும். கென் கடை திறந்த முதல் கிழமையிலை, முதல் முதல் துளைச்ச துவக்கு இது. அதாலைதான் கோட்டை ஓரத்துக்குத் தள்ளிக் கீறு போட்டு வைச்சனான். கென்னுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருக்கேல்லை, நீ வரும்வரைக்கும்.” பிறகு குரலை உயர்த்தினான். “உன்னை ஆர் நேராக்கச் சொன்னது? எனக்குக் கோணலாத்தான் வேணும். திருப்பி வை!”

விக்னராஜாவுக்கு வாழ்க்கையில் முதல்தடவையாக வெட்கமாக இருந்தது. அவர் அளந்தது சரி. ஆனால் கீறு என்பது ஒரு மனிதன் போட்டுவைத்த கணக்கு என்று அவருக்குத் தோன்றவேயில்லை. திருகைத் திருப்பி ஊசிக்கீறுக்குக் கொண்டுவந்தார். கோடு பழையபடி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்க்க முடியாமல் கண்ணை எடுத்தார். பெர்ட் துவக்கை வாங்கிக்கொண்டு, கென்னின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

கென் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து கால்மணி நேரம் குத்தினான். தாளை உருவி அவர் முன்னால் எறிந்தான். “இந்தா உன்ரை கடிதம். நாளையிலிருந்து வராதை.”

ரயிலில் இருந்தபடி கடிதத்தைப் படித்தார். வீட்டில் சிவனேஸ்வரி படித்தாள். ‘இவன் இங்கே ஒரு வருடமும் பத்து மாதமும் வேலை செய்தான். கண்ணாடி வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மயிரளவு கோணல் கண்டாலும் யார் சொன்னாலும் விடமாட்டான். கேட்காததைத் திருத்துவான். முதலாளியின் பிழையை வாடிக்கையாளர் முன்னால் அளந்து காட்டுவான். என்னால் இவனைச் சகிக்க முடியாது. உங்களால் முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.’

“இதைக் கிழிச்சு அடுப்புக்கை போடுங்கோ” என்றாள் சிவனேஸ்வரி. “வேறை ஆரையும் பிடிச்சு ஒரு கடிதம் வாங்குவம்.”

“ஏன்? இதிலை ஒரு சொல்லாவது பொய்யோ?”

“என்னப்பா, உங்களுக்கு விசரே? உங்களைத் திட்டி எழுதியிருக்கிறான்!”

“திட்டினாலும் உள்ளதைத்தான் எழுதியிருக்கிறான்.” அவர் உறையை ஒட்டினார். முத்திரையை மூலைக்குச் சரியாக வைத்து அழுத்தினார். அன்றிரவு அவர் தூங்கவில்லை. அந்த இடம் போய்விட்டது என்றுதான் அவரும் நினைத்தார்.

பத்தாம் நாள் பட்டறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டார். அந்தக் கடிதம் அவருடைய மேசையில் விரித்துக் கிடந்தது. அவர் சிரிக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

“அந்த முதலாளியின் பிழை எவ்வளவு?”

“அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பத்துமூன்று பங்கு.”

“எதை வைத்து அளந்தீர்?”

விக்னராஜா சொன்னார். தலைவர் கடிதத்தை இன்னொரு தடவை படித்தார்.

“இங்கே பதினொரு பேர் வேலை செய்கிறார்கள்” என்றார். “ஒருவருக்கும் உம்மைப் பிடிக்கப் போவதில்லை. திங்கட்கிழமை ஏழரைக்கு வாரும்.”

வீட்டுக்கு வந்து சொன்னபோது சிவனேஸ்வரி அழுதாள். சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து, கதிரையில் இருந்தாள்.

“அந்தக் கென்னுக்குப் போய் ஒரு நன்றி சொல்லிப்போட்டு வாங்கோ. அவன்ரை கடிதத்தாலைதானே கிடைச்சது.”

“எதுக்கு?” என்றார் விக்னராஜா. “அந்த ஓட்டை இன்னும் கோணலாத்தானே கிடக்கு.”