அனந்தராமனின் இரண்டாம் பாகம்

மேல்வீட்டு அனந்தராமனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று நானும் முயற்சி செய்து பார்த்தேன். செருப்பை வாசலில் ஒழுங்காக விடுவார். அதற்கு மேல் ஒன்றும் தேறவில்லை.

நான் வேதவல்லி. பிறந்தது வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத். மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்று உப்பலில் இருக்கிறேன். அனந்தராமன் கும்பகோணத்துக்காரர். ஜீடிமெட்லாவில் மாத்திரைக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. "தெலுங்கு மட்டும் நமக்கு வரவே இல்லை மாமி" என்பார், ஏதோ சிகரெட் பழக்கம் கிடையாது என்று சொல்கிற பெருமையோடு. அதனால் தண்ணீர் லாரிக்காரனோடு மல்லுக்கட்டுவது, கரண்ட் ஆபீஸுக்கு நடப்பது, குடியிருப்போர் கூட்டத்தில் ஏச்சு வாங்குவது எல்லாம் அவர் மனைவி புஷ்பாவின் தலையில். ஐயா சோபாவில் உட்கார்ந்து கதை யோசிப்பார்.

ஆமாம், கதை. 'ஏடோ கக்ஷ்ய' என்று ஒரு தெலுங்குப் படம் வந்தது. ஏழாம் சுற்றுப்பாதை என்று அர்த்தம். சனி கிரகத்துக்குப் போன கப்பலில் ஏதோ கோளாறு. அதைச் சரிசெய்ய வெளியே போன கேப்டனை விட்டுவிட்டுக் கதவு மூடிக்கொள்கிறது. கப்பல் திரும்பிவிடுகிறது, அவன் வரவில்லை. படம் முடிந்தது. தமிழ் டப்பிங்கில் அதைப் பார்த்த நாளிலிருந்து அனந்தராமனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. இரண்டாம் பாகத்துக்கான கதை தன்னிடம் இருக்கிறது என்று லிஃப்டில், மாடிப்படியில், துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட அளந்துகொண்டிருந்தார்.

அந்தக் கதையையும் கேளுங்கள். கேப்டன் சாகவில்லை. காற்றே இல்லாமல் நூறு வருஷம் உயிரோடிருக்க ஒரு மாத்திரை போட்டிருக்கிறான். மாத்திரை எங்கே தயாரானது என்றா கேட்கிறீர்கள்? ஜீடிமெட்லாவில்தான். பிறகு ஒரு கருந்துளை அவனை விழுங்கி, சோழர் காலத்துக் காவிரிக்கரையில் துப்புகிறது. அங்கே அவனுக்கு ஒரு இரட்டைச் சகோதரன். "அதெப்படி இரட்டை?" என்று கேட்டேன். "அது வேற காலம் மாமி, உங்களுக்குப் புரியாது" என்றார். எந்த ஓட்டையைக் காட்டினாலும் இதே ஒட்டுதான் போடுவார்.

அவர் பெண் ஹம்ஸினி இதற்கு நேர்மாறு. பிறந்ததிலிருந்து இங்கேயே வளர்ந்து படித்தவள். அப்பா தமிழில் பேசுவார், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். அது அவருக்குப் புரிகிறதோ இல்லையோ, இருவரும் கவலைப்பட்டதில்லை. டிகிரி முடித்துவிட்டாள். சினிமாவுக்குக் கதை எழுதவேண்டும் என்பது அவள் ஆசை. "சினிமாவெல்லாம் நம்மாத்துக்கு ஆகாது" என்று சொல்லி, அமீர்பேட்டில் ஏதோ சாஃப்ட்வேர் கோர்ஸில் அவளைச் சேர்த்துவிட்டார் இந்த உத்தமர். வர்ற திங்கட்கிழமை வகுப்பு ஆரம்பம்.

ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது ஹம்ஸினி அதே படத்துக்குத் தான் யோசித்த இரண்டாம் பாகத்தை எனக்குச் சொன்னாள். முடிவு வரைக்கும் சொன்னாள். கையில் இருந்த ஈரப் புடவையை உதற மறந்து நின்றேன். அன்றைக்கே மாதங்கிக்கு போன் போட்டு, எங்கள் குடியிருப்பில் ஒரு நல்ல கதை இருக்கிறது என்றேன். மாதங்கி என்னோடு வேலை பார்த்தவரின் மகள். அந்தப் படத்தை எடுத்த கம்பெனியில் கதை கேட்பதுதான் அவள் உத்தியோகம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது.

இதை நான் புஷ்பாவிடம் சொல்ல, அவள் அனந்தராமனிடம் உளற, தொலைந்தது. "கதை என்கிட்ட இருக்கு, இவ எதுக்கு?" என்று கிளம்பிவிட்டார். கடைசியில் ஒரு ஏற்பாடு ஆயிற்று. அந்தத் தொழிலில் கதையைத் தாளில் வாங்கமாட்டார்கள், வாயால் சொல்லவேண்டும். மாதங்கி அதைத் தெலுங்கில் போனில் பதிவு செய்து டைரக்டருக்கு அனுப்புவாள். ஆகவே அப்பா தமிழில் சொல்வது, மகள் தெலுங்கில் மாற்றுவது. நான் மாற்றித் தருகிறேன் என்றதற்கு, "நீங்க சுருக்கிடுவேள் மாமி" என்றார். சுருக்கியிருப்பேன்தான்.

யூசுஃப்குடாவில் அந்த ஆபீஸ். நாங்கள் மூவரும் போனோம். மாதங்கி போனை மேஜைமேல் வைத்தாள். அனந்தராமன் தொண்டையைக் கனைத்து, கையை ஆட்டி, மாத்திரையில் ஆரம்பித்தார். ஹம்ஸினி ஒரு நிமிஷம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

மாத்திரை இல்லை, சோழர் இல்லை. அவள் சொன்னது தன் கதையை.

கப்பலின் கதவை மூடும் பொத்தானை அழுத்தியது ஒரு பெண். முதல் பாகத்தில் ஓரமாக வந்துபோகும் இன்ஜினியர். ஊர் திரும்பியதும் கேப்டனுக்குச் சிலை வைக்கிறார்கள். பொத்தானை அழுத்தியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கப்பலைக் கண்காட்சியாக வைத்து டிக்கெட் போடுகிறார்கள். அவளுக்கு அதே கப்பலில் காவல் வேலை. ஒருநாள் கூட்டமெல்லாம் போனபின் அந்தக் கதவை யாரோ தட்டுகிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஊர் இல்லை, இன்னமும் சனி கிரகம்தான். திறந்தால் இங்கே இருக்கிற காற்றெல்லாம் போய் ஊரே அழியும். திறக்காவிட்டால் அவனை இரண்டாம் தடவை கொல்வதாகும்.

அனந்தராமன் காவிரிக்கரையை வர்ணித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. மாதங்கி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். கதவு தட்டப்படும் இடத்தில் ஹம்ஸினி நிறுத்தினாள்.

மாதங்கி போனை அணைத்து, "இதி எவரி கத?" என்று கேட்டாள். இது யார் கதை? யாருடைய கதையோ அவர் திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸுக்கு வந்து கதை விவாதத்தில் உட்காரவேண்டும், சம்பளம் உண்டு என்றும் தெலுங்கிலேயே சொன்னாள். ஹம்ஸினியின் முகம் சிவந்துவிட்டது. பதில் சொல்ல மூச்சை இழுத்தாள்.

"கத நாதேனண்டி" என்றார் அனந்தராமன். "அம்மாயி ஊரிகே செப்பிந்தி."

கதை என்னுடையதுதான், பெண் சும்மா எடுத்துச் சொன்னாள், அவ்வளவே. சுத்தமான தெலுங்கு, ஒரு பிசிறு இல்லை. இருபது வருஷமாகப் புஷ்பாவைத் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடவிட்ட மனுஷன்! மகள் சொன்னதில் ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டு, தன் குப்பையைவிட அது நன்றாக இருக்கிறது என்பதும் புரிந்துகொண்டு, அத்தனை நேரம் காவிரியைப் பற்றிக் கையை ஆட்டியிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "மாதங்கி, இதோ பாரு..." என்று தெலுங்கில் ஆரம்பித்து எழுந்தேன். ஹம்ஸினி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஔனண்டி, நான்னதே" என்றாள் மாதங்கியிடம். ஆமாம், அப்பாவுடையதுதான்.

முடிவு என்ன என்று மாதங்கி அவரைக் கேட்டாள். திங்கட்கிழமை வந்து சொல்கிறேன் என்று அதே அழகான தெலுங்கில் கும்பிட்டுவிட்டு வந்தார்.

மெட்ரோவில் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். அமீர்பேட் வந்தது. முதுகில் பையோடு, கோர்ஸ் முடிந்த ஒரு கும்பல் ஏறி நெருக்கியது. ஹம்ஸினி அந்தப் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமர்த்தியத்தை நினைத்துப் பூரித்துக்கொண்டிருந்த அனந்தராமனுக்குத் திடீரென்று திங்கட்கிழமை உறைத்திருக்கவேண்டும். அவள் பக்கம் சாய்ந்து, "ஏண்டி, கடைசியில் அவ கதவைத் திறக்கறாளா, இல்லையா?" என்றார்.

ஹம்ஸினி திரும்பினாள். சின்ன வயசுக்குப் பிறகு அவரிடம் அவள் தமிழ் பேசி நான் கேட்டதில்லை.

"நீங்களே யோசிங்கப்பா. கதை உங்களுதுதானே."

அவர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். மெட்டுகூடா தாண்டியதும் அவர் குரலைத் தாழ்த்தி என்னிடம் குனிந்தார்.

"மாமி, மாடியில உங்ககிட்ட முழுசா சொன்னாளாமே, புஷ்பா சொன்னா. கதவு திறக்கறதா?"

"எனக்கு அதெல்லாம் புரியாது அனந்தராமன்" என்றேன். "அது வேற காலம்."