நீர்மூழ்கியில் வந்த இருமல்

ஐம்பதுகளில் என் அக்காவின், எங்கள் பேச்சில் ராத்தாவின், மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை மருதமுனை ஊர்க்காரர், தறி வைத்திருக்கும் குடும்பம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பார். ஆகவே பெண் கேட்டு வருகிறவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், கிணற்றைப் பார்ப்பார்கள், வீட்டில் யார் இருமுகிறார்கள் என்றும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் இருமியவர் பெண்ணின் வாப்பா, அதாவது என் மச்சான்.

அந்த இருமலை அவர் திருகோணமலையிலிருந்து கொண்டுவந்தார். போர்க்காலத்தில் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போனவரை, ஜப்பானியருக்குத் தப்பி ஜாவாவிலிருந்து வந்திருந்த ஒல்லாந்தரின் பழைய நீர்மூழ்கி ஒன்றில் போட்டார்கள். ஒல்லாந்தர் இந்தக் கரையை விட்டுப் போய் ஒன்றரை நூற்றாண்டாகியும் எங்கள் குடும்பத்திடம் எடுத்துக்கொள்ள அவர்களுக்கு ஏதோ மிச்சமிருந்தது.

நீர்மூழ்கியின் அமைப்பைப் பற்றிப் பின்னாளில் நிறையப் படித்தேன். கோபத்துக்கும் ஓர் ஒழுங்கு வேண்டுமல்லவா? மேலே மிதக்கும்போது டீசல் எஞ்சின் ஓடும். முங்கிவிட்டால் எஞ்சினுக்குக் காற்றில்லை; மின்கலங்கள்தான் கப்பலை நகர்த்தும். அவை தரைப் பலகைகளுக்குக் கீழே வரிசையாக நிற்கும். பக்கத் தொட்டிகளுக்குள் கடல்நீரை விட்டால் கப்பல் இறங்கும். அழுத்திய காற்றால் அந்த நீரை வெளியே தள்ளினால் ஏறும். நல்ல யோசனைதான். ஆனால் இது கிழட்டுக் கப்பல். ஆணி அடித்துப் பொருத்திய தகடுகள், ஆழம் கூடினால் பொருத்துகளில் நீர் கசியும். அந்த உப்புநீர் மின்கலத்தின் அமிலத்தில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். வரைந்தவர்களுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த மின்கலங்களின்மேல் மனிதர்களைப் படுக்க வைத்தார்கள்.

அந்தக் கிழத்தைப் போருக்கு அனுப்ப மேலிடத்துக்கும் துணிவில்லை. புதிய கப்பல்கள் நீருக்கடியில் ஒலி அனுப்பி நீர்மூழ்கியைத் தேடிப் பழகவேண்டும். பழகுவதற்கு இது இரை. காலையில் போய் முங்கும், அவர்கள் தேடிப் பிடிப்பார்கள், மாலையில் கசிந்துகொண்டு திரும்பும். கசிந்ததை இறைத்துத் துடைக்க நம் ஆட்கள். மூக்கில் ஈரத்துணி கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கவேண்டும். மூச்சு முட்டினால் மேலே ஏறவேண்டும். ஒருநாள் மச்சான் ஏறியபோது ஏணிக்கு மேலிருந்த மூடி சாத்தியிருந்தது. மேலே நின்ற மேற்பார்வையாளர் அதைச் சாத்திவிட்டுத் தேநீருக்குப் போயிருந்தார். குண்டு பட்டவருக்குப் பதக்கம் உண்டு. அடுத்தவன் குடித்த தேநீரால் நெஞ்சு வெந்தவருக்கு எந்த விதியிலும் இடமில்லை. எல்லா விதிகளையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பே, கசநோய் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதென்று மச்சானை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சளியையும் நெஞ்சையும் சோதிப்பித்தேன். கசம் இல்லை என்று டாக்டர் எழுதித் தந்தார். நான் அரசாங்க உத்தியோகத்தன்; முத்திரை குத்திய தாளுக்கு ஊர் அடங்கும் என்று நம்பிய வயது.

நிக்காஹ்வில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளைத் தந்தேன் என்று சொல்லவேண்டும். அவரால் முடியாதபோது அந்த உரிமையை இன்னொருவரிடம் ஒப்படைப்பார், அதுதான் வக்காலத்து. மச்சான் அதற்காகப் பல நாள் பழகியிருந்தார். கப்பலில் பழகிய அதே முறை: மூச்சைப் பிடிப்பது, சொல்லி முடிப்பது, பிறகு கிணற்றடிக்குப் போய் இருமுவது.

நிக்காஹ் ஓதிவைக்கும் லெப்பையோடு பந்தலில் எல்லோரும் அமர்ந்த பிறகு மாப்பிள்ளையின் பெரியவாப்பா தொண்டையைச் செருமினார்.

"லெப்பைக்கிட்ட வக்காலத்தக் குடுங்க. அவரு கையப் புடிச்சிச் சொல்லட்டும்."

"ஏன், எனக்கு வாய் இல்லையா?" என்றார் மச்சான்.

"வாய் இரிக்கி. அதுதானே பயமாரிக்கி."

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் தாளை நீட்டினேன். "கசம் இல்லண்டு டாக்டர் எழுதியிரிக்காரு, வாசிங்க."

"தம்பி, கடதாசி இருமாது. ஆள்தான் இருமுறாரு."

"அது நீர்மூழ்கிக் கப்பல்ல பட்ட வாயு."

"ஓம், ஓம். மீன் வயித்துல இருந்த யூனுஸ் நபிக்குப் பொறகு கடலுக்கடியில போய் வந்த ஆள் உங்கட மச்சான்தானோ?"

இந்த முறை பந்தலே சிரித்தது. மாப்பிள்ளை தன் புதுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாப்பா உயிரோடும் புத்தியோடும் இருக்கையில், அவர் மனம் ஒப்பாமல் அந்த உரிமையை யாரும் எடுக்க முடியாது. லெப்பையிடமே கேட்டேன். "ஓம், மார்க்கம் அப்படித்தான்" என்றார், பாயைப் பார்த்தபடி.

"அப்ப நாங்க எழும்புறம்" என்றார் பெரியவாப்பா.

"குடுக்காதீங்க மச்சான். போனாப் போகட்டும்" என்றேன்.

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. உள்வாசல் திரையைப் பார்த்தார். "ஒனக்குச் சொல்ற லேசு. புள்ள உடுத்திக்கிட்டு உள்ளுக்கு இரிக்கா."

பிறகு லெப்பையிடம் திரும்பி, "குடுத்தன்" என்றார். இருமல் இல்லாமல், தெளிவாக. பழகி வைத்திருந்த மூச்செல்லாம் அந்த ஒரு சொல்லுக்குச் செலவானது. எழுந்து கிணற்றடிக்குப் போனார். அங்கிருந்து இருமல் கேட்டது. லெப்பை குரலை உயர்த்தி ஓதினார்.

விருந்தில் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது வழக்கம். மச்சானின் சஹனுக்கு நான் ஒருவன்தான்.

"தின்னு மச்சான். ஆறு பேர்ட இறச்சி ரெண்டு பேருக்கு வந்திரிக்கி" என்றார். அவர் சாப்பிட்டார். நான் என் பங்கையும் அவர் பக்கம் தள்ளினேன்.

அதன் பிறகு அந்தப் பெரியவாப்பாவைக் கல்முனைச் சந்தையில் அடிக்கடி காண்பேன். ஸலாம் சொல்வார். பதில் சொல்வது கடமை. ஒரு சொல் குறையாமல் சொல்வேன். கையை நீட்டுவார். கை கொடுப்பது சுன்னத்து, நபி காட்டிய வழி; கடமையில்லை. அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போகும் வரை நான் அந்தக் கையைத் தொடவில்லை.