கை நீட்டி நின்ற ஐம்பத்து நான்கு பேர்

விசில் மாஸ்டர் என்றால்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் தலைமையாசிரியையே வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் சொல்லுவார். இருபத்திரண்டு வருஷமாக அங்கே விளையாட்டு ஆசிரியர்.

விளையாட்டு ஆசிரியர் என்று பேர்தான். அவருடைய பீரியட் ஆரம்பிக்கிற நேரம் பார்த்துக் கணக்கு டீச்சர் வந்து வாசலில் நிற்பார். "மாஸ்டர், ஒரே ஒரு பாடம் பாக்கி. இந்த பீரியட மட்டும் எனக்கு விட்டுக் குடுத்துடுங்க" என்பார். இவரும் தலையை ஆட்டிவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு பாடம் முடிந்தபாடில்லை. பந்து வைக்கிற அலமாரியின் பூட்டு துருப்பிடித்ததுதான் மிச்சம்.

ஆனால் காலையில் பத்து நிமிஷம் அவருடைய ராஜ்யம். விசில் ஒன்று ஊதினால் போதும், மைதானம் முழுக்க இரைந்துகொண்டிருந்த அத்தனை வாண்டுகளும் வாயை மூடிக்கொண்டு வரிசைக்கு வந்துவிடும். "கை நீட்டு" என்பார். ஒவ்வொரு பிள்ளையும் முன்னால் நிற்கிற பிள்ளையின் தோள் வரைக்கும் கையை நீட்டித் தூரம் எடுத்துக்கொள்ளும். நூல் பிடித்த மாதிரி நிற்கிற அந்த வரிசையை ஒரு தடவை கண்ணால் அளந்துவிட்டுத்தான் அவர் தொண்டையைச் செருமுவார்.

தொற்றுநோய் வந்து பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியதும் மற்ற ஆசிரியர்கள் போனில் பாடம் நடத்தப் போய்விட்டார்கள். போனில் ஓட்டப் பந்தயமா நடத்த முடியும்? மாஸ்டரை ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சல் பார்க்கிற கருவியைக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். வருகிறவர் போகிறவர் நெற்றிக்கெல்லாம் அதை நீட்டிக்கொண்டு ஒன்றரை வருஷம் நின்றார். முகக்கவசம் போட்டவன் விசில் ஊதுவது எப்படி? அதுவும் போயிற்று. பெயரில் மட்டும் விசில் தங்கியது.

அவருக்கு ஒரே மகள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவள், ஏழு வயது. பதிவேட்டின்படி இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள், பள்ளிக்கூடத்துக்குள் ஒரு நாள்கூடக் காலடி வைத்ததில்லை. சேர்த்த மாதமே ஊரடங்கு வந்துவிட்டது. வீட்டில் அப்பா, அம்மா, அம்மாவின் தையல் மெஷின், இவ்வளவுதான் அவளுக்குப் பழக்கம். வாசலில் யாராவது வந்து பேர் கேட்டால் அம்மாவின் சேலைக்குள் போய்விடுவாள். கடைக்காரர் மிட்டாய் நீட்டினால்கூட வாயைத் திறக்க மாட்டாள். மாஸ்டருக்கு இது ரொம்ப நாளாக நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. இன்னொரு வருஷமும் இப்படியே போனால் இந்தப் பெண் பேச மறந்தே போய்விடுவாளோ என்று பயந்தார்.

அந்த நேரத்தில்தான் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். ஆறடி இடைவெளி மூன்றடியானது. பெரிய வகுப்புகள் திறந்தன. ஒன்றாம் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் மட்டும் ஒரு முட்டுக்கட்டை. கேட்டிலிருந்து வகுப்பு வரைக்கும் மூன்றடி இடைவெளி விட்டுப் பிள்ளைகள் நடப்பதை ஒத்திகையில் காட்ட வேண்டும், கல்வி அதிகாரி நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் திறக்கலாம், இல்லாவிட்டால் அடுத்த கல்வியாண்டுதான் என்று உத்தரவு வந்தது. அடுத்த கல்வியாண்டுக்கு ஏழு மாதம் கிடந்தது.

தலைமையாசிரியை கூட்டம் போட்டார். ஒன்றாம் வகுப்பு டீச்சர் எடுத்த எடுப்பிலேயே கையை விரித்துவிட்டார்.

"ரெண்டு கிளாசும் சேர்த்து ஐம்பத்து நாலு பேர் மேடம். உக்கார வெச்சிடலாம், பெஞ்சுக்கு இந்த ஓரம் ஒண்ணு, அந்த ஓரம் ஒண்ணு. நடக்க வெக்கிறது யாரு? ஸ்கூலையே பாக்காத பிள்ளைங்க. அவுத்து விட்ட நெல்லிக்காய் மூட்டைதான்."

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கணக்கு டீச்சரும் அவரைப் பார்த்தார்.

"வரிசைதானே மேடம்? அத என்கிட்ட விடுங்க" என்றார் மாஸ்டர். கொஞ்சம் மிதப்பாகத்தான் சொன்னார். ஊரில் வேறு யாருக்குத் தெரியும் அந்தக் கலை?

திங்கட்கிழமை ஒத்திகை. பிள்ளைகளை முன்கூட்டியே சேர்த்து வைத்துப் பழக்கக் கூடாது என்று உத்தரவு. அதனால் அன்றைக்குத்தான் ஐம்பத்து நான்கு பேரும் முதல் தடவையாக மைதானத்துக்கு வந்தார்கள். பெற்றோர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். ஆச்சரியம், பிள்ளைகள் சொன்ன பேச்சுக் கேட்டார்கள். மாஸ்டர் கையைத் தட்டி, "கை நீட்டு" என்றதும் நீட்டினார்கள். இரண்டு வரிசை, ஒரு கோணல் கிடையாது. மாஸ்டருக்கு முகக்கவசத்துக்குள் சிரிப்பு நிற்கவில்லை.

கல்வி அதிகாரி அதிகம் பேசாத மனிதர். பையிலிருந்து ஒரு டேப்பை எடுத்தார். முன்னால் நிற்கிற பையனின் முதுகிலிருந்து பின்னால் நிற்கிற பெண்ணின் நெஞ்சு வரைக்கும் பிடித்தார். அப்புறம் இன்னோர் இடத்தில் பிடித்தார்.

"ஒன்றே முக்கால் அடி" என்றார்.

மாஸ்டருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தபோது காது மடல் சூடானது. கை நீட்டி எடுக்கிற தூரம் கையின் நீளம்தான். ஆறு வயசுப் பிள்ளையின் கை எவ்வளவு இருக்கும்? இருபத்திரண்டு வருஷமாக வரிசை நேராக இருக்கிறதா என்றே பார்த்தவர், இடைவெளி எவ்வளவு என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. விளையாட்டு வாத்தியாரைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் முதலில் ஸ்கேலைத் தேடியிருப்பார்கள்.

தரையில் கோடு போட்டு நிறுத்துகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். "நிக்கிறதுக்குக் கோடு போடலாம் மாஸ்டர். நடக்கும்போது கோடு கூடவே வருமா?" என்று அதிகாரி கேட்டார். கேள்வி நியாயமாக இருந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை இன்னொரு தடவ வர்றேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

வீட்டுக்கு நடக்கும்போது மகள் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தெரு முனையில் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, நாங்க தப்பா நின்னோமா?"

"இல்லடா. நீங்க சரியாத்தான் நின்னீங்க. அப்பாதான் தப்பா அளந்துட்டேன்."

"அப்ப திரும்ப அளங்க" என்றாள், ஏதோ தண்ணீர் கேட்கிற மாதிரி.

அன்று சாயங்காலம் மாஸ்டர் ஒரு மூங்கில் கம்பை மூன்றடிக்கு வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆளுக்கொரு கம்பைப் பிடித்துக்கொண்டு நடக்கவிடலாமா என்று யோசனை. மனைவி தையல் மெஷினில் சீருடைகளின் ஓரத்தைப் பிரித்து நீளமாக்கிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருஷத்தில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் துணியை மீறி வளர்ந்திருந்தார்கள். அந்தப் பகுதியில் அவர் அளவெடுக்காத பிள்ளை கிடையாது.

"ஐம்பத்து நாலு வாண்டு கையில ஐம்பத்து நாலு கம்பைக் குடுத்தா நடப்பாங்களா, அடிச்சுக்குவாங்களா?" என்றார் மனைவி, தலையைத் தூக்காமல்.

"வேற என்ன பண்ணச் சொல்ற? கை பத்தலையே."

"முன்னாடி நீட்டினா எப்படிங்க பத்தும்? பக்கவாட்டுல நீட்டச் சொல்லுங்க." மெஷினை நிறுத்திவிட்டு மகளைக் கூப்பிட்டார். அவள் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். மனைவி கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரைக்கும் பிடித்தார். மூன்றே முக்கால் அடி. அப்புறம் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் பிடித்தார். அதுவும் மூன்றே முக்கால்.

"கைய விரிச்சா ஆளு உயரம் வந்துடும். தையக்காரி எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல" என்று மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

மாஸ்டர் கம்பைக் கீழே போட்டார். பக்கத்துப் பக்கத்தில் நின்று கையை விரித்து, விரலும் விரலும் படாமல் தூரம் எடுக்க வேண்டும். கையை இறக்கிவிட்டு எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினால் அதுதான் வரிசை. இடையில் தாராளமாக மூன்றடி இருக்கும். எல்லோரும் ஒரே சமயம் காலெடுத்து, ஒரே சமயம் நின்றால் இடைவெளி குறையவே குறையாது. முன்னால் தடங்கல் என்றால் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மனைவியைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். "டீ போடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். மனைவிக்கு அது போதும்.

பிள்ளைகளைக் கூட்டக் கூடாது, சரி. பெற்றோர்களிடம் போன் இருக்கிறதே. செவ்வாய்க்கிழமை காலையில் மொட்டை மாடியில் மாஸ்டர் கையை விரித்து நின்றார், மனைவி படம் பிடித்தார். விரி, இறக்கு, திரும்பு, நட, நில். அடுத்த மாடியில் துணி காயப்போட்டவர், "என்ன மாஸ்டர், பறக்கப் போறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மறுபடி விரித்தார்.

ஒரே ஒரு சிக்கல். வலது பக்கம் திரும்பு என்றால் அந்த வயசில் பாதிப் பேர் இடது பக்கம் திரும்புவார்கள். மகளே மூன்று தடவையில் இரண்டு தடவை அப்படித்தான் திரும்பினாள். மாஸ்டர் யோசித்து வார்த்தையை மாற்றினார். வலதும் வேண்டாம், இடதும் வேண்டாம். "பள்ளிக்கூடத்தப் பாரு" என்பதுதான் கட்டளை. எந்தப் பிள்ளைக்கும் அதில் சந்தேகம் வராது.

புதன்கிழமை சைக்கிளில் ஒரு சுற்றுப் போனார். ஒரு வீட்டு வாசலில் அண்ணனும் தங்கையும் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த தெருவில் ஒரு பையன் துணைக்கு ஆள் இல்லாமல் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில் நின்று தூரம் எடுத்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் சைக்கிளை நிறுத்தாமல், "விரல் படக்கூடாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை தேறிவிடும் என்று அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வேலிக்கு வெளியே திங்கட்கிழமையைவிடக் கூட்டம். கணக்கு டீச்சர் தன் வகுப்பை விட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்து நின்றிருந்தார். அதிகாரி டேப்போடு நின்றார். மகள் இரண்டாம் வரிசையில், முன்பின் தெரியாத இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நின்றாள். மாஸ்டர் அவளைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் ஓடி வந்துவிடுவாளோ என்று பயம்.

"விரி" என்றார். நூற்றெட்டுக் கைகள் விரிந்தன. பத்துப் பன்னிரண்டு பேர் பக்கத்துப் பிள்ளையின் விரல் படாமல் இருக்கத் தாங்களாகவே ஓரடி தள்ளி நின்றார்கள்.

"இறக்கு. பள்ளிக்கூடத்தப் பாரு."

ஐம்பத்து நான்கு பேரும் திரும்பினார்கள். ஒரு தலைகூட வேறு பக்கம் போகவில்லை. அதிகாரி முதலில் பிடித்தார், நடுவில் பிடித்தார், கடைசியில் பிடித்தார். மூன்றேகால். மூன்றரை. மூன்றேகால். டேப்பைச் சுருட்டிவிட்டு, "நடக்கட்டும்" என்றார்.

நடந்தார்கள். வாசற்படியில் ஒரு பையனின் செருப்பு கழன்றது. அவன் குனிந்து மாட்டுகிற வரைக்கும் பின்னால் இருந்த இருபது பேரும் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் நெருங்கவில்லை. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தார். வேலிக்கு வெளியே யாரோ கை தட்ட ஆரம்பித்து, அது எல்லோருக்கும் பரவியது. கணக்கு டீச்சரும் தட்டினார்.

உள்ளே போய் உட்கார்ந்தாயிற்று. இனி வெளியே வர வேண்டும், அதோடு ஒத்திகை முடிந்தது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் இரண்டு வகுப்புக்கும் கேட்கிற மாதிரி வாசலில் நின்று, "எல்லாரும் எழுந்திருங்க, வெளிய போகலாம்" என்றார். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். ஒரு பெண் பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்து வைத்தாள். அதைப் பார்த்து எல்லோரும் எடுத்தார்கள்.

"வெளிய வர்றதுக்கு நீங்க சொல்லித் தரலையா?" என்று அதிகாரி கேட்டார்.

விரி, இறக்கு, திரும்பு, நட, நில். உள்ளே போவதைப் பற்றியே நாலு நாளாக நினைத்த மாஸ்டருக்கு வெளியே வருவது ஒன்று இருக்கிறது என்றே தோன்றவில்லை.

"இல்லீங்க சார். மறந்துட்டேன்."

சரி, தன் பெண்ணை முதலில் கிளப்பினால் மற்றவர்கள் எழுந்து வருவார்கள் என்று இரண்டாம் வகுப்பு ஜன்னலுக்குப் போனார். அவள் பெஞ்சின் ஒரு ஓரத்தில் இருந்தாள். மறு ஓரத்தில் இருந்த பெண்ணிடம் தன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் காது கேட்கச் சொன்னாள், இரண்டு தடவை சொன்னாள். மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வாம்மா, போகலாம்" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க போங்கப்பா. இங்க கிளாஸ் நடக்குது."

பின்னாலேயே வந்து நின்ற அதிகாரி ஜன்னல் திட்டில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "திங்கட்கிழமை முதல்" என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு "இன்று முதல்" என்று எழுதினார். பிறகு டீச்சரைப் பார்த்து, "பாடத்த ஆரம்பிங்க. வெளிய வர்றத மத்தியானம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.