மூன்றாம் தரம் கேட்கும் வரை

அந்தச் சனிக்கிழமை காலை என் கணவர் புட்டு வேண்டாமென்றார். முப்பத்தாறு ஆண்டு இல்வாழ்க்கையில் அவர் சொல்லும் வேண்டாம்களை நான் தரம் பிரித்து வைத்திருக்கிறேன். பெரும்பாலானவை, இன்னொரு தரம் கேட்டுப் பார் என்பதற்கான அழைப்புகள். அன்றையது அப்படியல்ல. நீத்துப்பெட்டியைத் தட்டிப் புட்டைக் கொட்டிய ஓசைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"பன்னிரண்டு வகைச் சாப்பாடாமப்பா. வயித்திலை இடம் விட்டுத்தான் போகவேணும்" என்றார்.

எங்கள் மகள் மணக்கவிருந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்தவர். அவருடைய பெற்றோர் எங்களைப் பார்ப்பதற்கென்றே கோப்பன்ஹேகனிலிருந்து வந்திருந்தார்கள்; மறுநாள் மாலை திரும்பிப் போகிறார்கள். இரு குடும்பமும் முதன்முறை சேர்ந்து உண்பதற்கு, ஹாக்ஸ்டனில் ரயில்பாதை வளைவொன்றின் கீழே புதிதாகத் திறந்திருந்த ஓர் உணவகத்தில் மாப்பிள்ளை மதிய உணவுக்கு மேசை பதிந்திருந்தார். அவர்கள் ஊரின் நவீனச் சமையலை அப்படியே லண்டனுக்குக் கொண்டுவந்திருக்கிறார்களாம்.

எனக்குப் பசியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பதிவுத் திருமணத்துக்கு எல்லாம் ஒழுங்காகியிருந்தது. நான் விரும்பியது அதற்கு மேல் ஒன்று. லூயிஷாமில் எங்கள் கோயில் மண்டபத்தில் என் பிள்ளைக்குத் தாலி ஏற வேண்டும். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் தாய் கூறைச்சேலையைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்து என் மகளுக்குக் கொடுக்க வேண்டும். ஆவணியில் நல்ல நாள் ஒன்றைக் கோயிலில் திங்கட்கிழமை வரை எங்களுக்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். மகளுக்கும் அதே ஆசைதான். ஆனால் அவள் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள்: வருபவர்கள் மனமொத்து வரவேண்டும், யாரையும் இழுத்து வரக்கூடாது.

வெள்ளிக்கிழமை தொலைபேசியில் சொன்னாள்: "அம்மா, அவரின்ரை அம்மா நாளைக்குக் கோயில் விஷயம் கேப்பா. கேட்டா ஓமெண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான். ப்ளீஸ்."

"இதென்ன பெரிய வேலையே? சொல்லுறன்" என்றேன்.

நான் கவுன்சில் நூலகத்தில் இருபத்திரண்டு ஆண்டு வேலை செய்தவள். ஒரு நாட்டு மனிதரைச் சந்திப்பதற்கு முன் அந்த நாட்டைப் பற்றி மூன்று புத்தகமாவது படிப்பது என் பழக்கம். டென்மார்க்காரர் கோப்பையை உயர்த்தும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும், உணவு முடிந்ததும் அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்பனவற்றையெல்லாம் படித்துக் கணவருக்கும் பாடம் எடுத்திருந்தேன். டி.எல்.ஆர் ரயிலில் ஏறி ஷாட்வெல்லில் மாறும்வரை அவர் எதிரே இருந்த பயணிகளின் கண்களைப் பார்த்துப் பழகிக்கொண்டு வந்தார். ஒரு பெண்மணி எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டார்.

உணவகத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை. உள்ளே, நடுப்பகலில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. நாற்காலிகளில் ஆட்டுத்தோல் விரித்திருந்தது. என் கணவர் அதை எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு அமர்ந்தார். யாரோ தமது மேற்சட்டையை மறந்துவிட்டுப் போனதாக நினைத்திருக்கிறார்.

சம்பந்தியம்மா உயரமானவர், நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் படகு திருத்துபவர். பெரிய கைகளும் குறைந்த பேச்சும் உள்ள மனிதர். எல்லோரும் ஆங்கிலத்தில் பேசினோம். எங்கள் மூவருக்கும் நடுவே மட்டும் தமிழ் மேசையடியில் ஓடியது.

முதலாவதாக ஒரு கிண்ணம் நிறையக் கூழாங்கற்கள் வந்தன. அவற்றில் இரண்டை உண்ணலாம், மற்றவை கல் என்று வெயிட்டர் விளக்கினார். இரண்டாவதாக ஒரு மரக்கிளை வந்தது; அதில் பொரித்த பாசி சிறிது ஒட்டியிருந்தது. ஒவ்வொரு உணவையும் வைத்துவிட்டு, அது பிறந்த காடு, அதைப் பறித்தவர், அது புகையில் கிடந்த மணித்தியாலங்கள் என வெயிட்டர் அதன் வரலாற்றைச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் உண்டு முடித்து, உண்டது சமிபாடும் அடைந்துவிடும்.

"கந்தபுராணப் படிப்பு மாதிரிக் கிடக்கு" என்று கணவர் என் காதருகே சொன்னார். "பாட்டுக்குப் பயன் சொல்லி முடியத்தான் பிரசாதம்."

மூன்றாவதாக வந்தது பாண். சூடான, மேலோடு வெடித்த, கருமையான பாண். பக்கத்தில் அடித்து நுரையாக்கிய பட்டர். அன்று மேசைக்கு வந்தவற்றில் உணவென்று பார்த்தவுடன் தெரிந்தது அது ஒன்றுதான். கணவர் தமக்குரிய துண்டை இரண்டு கடியில் முடித்தார். வெயிட்டர் கூடையைக் குனிந்து நீட்டி, இன்னும் வேண்டுமா என்று கேட்டார்.

"நோ, நோ, தாங்க் யூ" என்றார் கணவர், கையை நெஞ்சில் வைத்து, மிக அழகாகச் சிரித்து.

வெயிட்டரும் சிரித்தார். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் வீடுகளில் தேநீர் வழங்கப்படும் முறையை அறிந்திருக்க வேண்டும். வந்தவரிடம் கேட்போம், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம் என்பார். மறுபடி கேட்போம், எதற்கு வீண் கரைச்சல் என்பார். மூன்றாம் தரம் கேட்கும்போது கோப்பை அவர் கையில் இருக்கும், ஏனென்றால் முதல் தரம் கேட்பதற்கு முன்பே கேத்திலைப் போட்டிருப்போம். முதல் கேள்விக்கே ஓமென்பவர் அவதி பிடித்தவர், பொறுமையில்லாதவர். மூன்றாம் தரம் கேட்காதவர் கஞ்சர். இவ்விரண்டு பழிக்கும் நடுவே எங்கள் சமூகத்தின் விருந்தோம்பல் முழுவதும் நடக்கிறது.

கணவர் சமையலறைக் கதவைப் பார்த்தபடி இருந்தார். கூடை பக்கத்து மேசைக்குப் போயிற்று. அங்கிருந்த மெலிந்த பெண் முதல் கேள்விக்கே இரண்டு துண்டு எடுத்தாள்.

நான் சிரித்திருக்கலாம். ஆனால் நாலாவது உணவு வந்தபோது, ஒரு கரட்டை வைக்கோலுக்குள் புதைத்துக் கொணர்ந்து வைத்தபோது, சம்பந்தியம்மா கைப்பையைத் திறந்து சிறிய குறிப்புப் புத்தகம் ஒன்றையும் பென்சிலையும் எடுத்தார். அவர் மொழியிலானாலும், கோயில், சேலை என்று அதில் எழுதியிருப்பது எனக்கே விளங்கியது.

"கோயிலில் ஒரு சடங்கு உண்டென்று மகன் சொன்னான். நான் ஒரு சேலையை ஏந்தி வந்து தரவேண்டுமாம். நாங்கள் அதைச் செய்ய வேண்டுமென்று விரும்புகிறீர்களா?"

மகள் என்னைப் பார்த்தாள். இருபத்தொன்பது ஆண்டாக அந்த முகத்தை அறிவேன். அவ்வளவு நம்பிக்கையோடு அது என்னைப் பார்த்தது குறைவு.

"ஐயோ, வேண்டாம், வேண்டாம்" என்று என் வாய் ஆங்கிலத்தில் சொன்னது. "உங்களுக்கு எதற்கு வீண் கரைச்சல்? அவ்வளவு தூரம் வேறு. பதிவே போதும்."

சம்பந்தியம்மா தலையசைத்தார். "சரி" என்றார். பிறகு அந்த இரண்டு சொற்களையும் வெட்டி நேரான ஒரு கோடு இழுத்தார். கணித ஆசிரியரின் கோடு. அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் இருந்தது. புத்தகம் பைக்குள் போயிற்று.

நான் காத்திருந்தேன். இரண்டாம் தரம் கேட்பார் என்று ஐந்தாவது உணவு முழுவதும் காத்திருந்தேன். ஆறாவதில் நானே வழி திறந்து கொடுத்தேன்: எங்கள் கோயில் வீட்டுக்கு மிகக் கிட்டத்தான், நல்ல வெளிச்சமான மண்டபம் என்றேன். "அடுத்த முறை வரும்போது கட்டாயம் சுற்றிப் பார்க்கிறோம்" என்றார் அன்பாக. ஏழாவதாக வெண்ணிறப் பாற்கட்டியின் மேல் மூன்று எறும்புகள் வந்தன. தவறுதலாக விழுந்தவையல்ல, வைத்தவை.

"இஞ்சேரும், சீனிப்போத்தலுக்கை ஒரு எறும்பு கிடந்ததுக்கு ஒரு கிழமையா என்னைப் பேசினீரே" என்றார் கணவர் மெதுவாக.

மகள் எழுந்து, கைகழுவப் போகலாம் என்று எனக்குக் கண்காட்டினாள்.

கைகழுவும் அறையிலும் மெழுகுவர்த்தி. அவள் அழவில்லை, அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"அம்மா, ஒரே ஒரு சொல்லுத்தானே கேட்டனான்."

"அவ இன்னொருக்காக் கேப்பா எண்டு நினைச்சன் பிள்ளை."

"அவை ஒருக்காத்தான் கேப்பினம். நீங்கள் வேண்டாமெண்டா வேண்டாம்தான். திருப்பிக் கேட்டா உங்கடை சொல்லை நம்பேல்லை எண்டு அர்த்தம். அது அவைக்கு மரியாதையில்லை."

"ஒருக்காக் கேட்டுப்போட்டு விடுறதோ மரியாதை?"

"ஓம். அவைக்கு அதுதான் மரியாதை." கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "நான் போய்ச் சொல்லமாட்டன், அம்மா. நான் சொன்னா, நான் அவையை இழுத்த மாதிரி ஆகும். உங்களுக்கு வேணுமெண்டா நீங்கள்தான் கேக்கவேணும்."

நான் கேட்பதா? சம்பந்தியிடம், முதல் சந்திப்பில், எனக்கு இது வேண்டும் என்று? மகளைப் பெற்றவள் வாய்விட்டுக் கேட்பது என்பது என் வளர்ப்பில் இல்லாத வினை. எத்தனையோ வாசகர்களுக்கு, தயங்காமல் கேளுங்கள், கேட்டால்தானே புத்தகம் கிடைக்கும் என்று மேசைக்குப் பின்னாலிருந்து சொன்னவள் நான். மேசைக்கு முன்னால் நின்று பார்த்ததில்லை.

திரும்பி வந்து அமர்ந்தபோது ஒன்பதாவது உணவு முடிந்திருந்தது. ஒரு முட்டைக்கோவா இலை என்றார்கள். கணவரின் முகம் வாடியிருந்தது. முதல் கிண்ணத்திலிருந்து எடுத்து வைத்திருந்த கூழாங்கல்லொன்றை, அது உண்ணும் வகையா கல் வகையா என்று சோதித்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சிதான் எனக்குத் துணிவு தந்தது. தனக்காகக் கேட்பது கடினம்; பசித்த கணவருக்காகக் கேட்பது அவ்வளவு கடினமில்லை. வெயிட்டரைக் கைகாட்டி அழைத்தேன்.

"என் கணவருக்குப் பாண் வேண்டும். முன்பு வேண்டாமென்றார். அது எங்கள் வழக்கம். எங்கள் ஊரில் மூன்றாம் தரம் கேட்கும்போதுதான் வாங்குவோம். முதல் இரண்டு தரமும் மறுப்பது மரியாதை."

கணவர் ஆட்டுத்தோலைத் தடவத் தொடங்கினார்.

பிறகு படகு திருத்தும் சம்பந்தியின் குரல் அன்று முதல் தடவையாக உரத்து எழுந்தது. "எனக்கும் சேர்த்துக் கேட்க முடியுமா?" என்று என்னிடம் கேட்டார். "காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பன்னிரண்டு வகை என்றான் மகன். எங்கள் வீட்டில் நாங்கள் பாசி தின்பதில்லை. இறைச்சி உருண்டையும் உருளைக்கிழங்கும்தான்."

"அப்பா!" என்றார் மாப்பிள்ளை, காது சிவந்து.

கூடை வந்தது. இரு தகப்பன்மாரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தபடி, கோப்பைக்குப் பதிலாகப் பாணை உயர்த்தினார்கள். அந்த ஆரவாரத்தில் மற்றதையும் சொல்லிவிடலாம் என்று சம்பந்தியம்மாவின் பக்கம் திரும்பினேன். சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் என்னைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், கணக்கொன்றின் பிழையான வரியைக் கண்டுபிடித்தவரைப்போல.

"நீங்கள் கோயிலையும் ஒரு தரம்தான் வேண்டாமென்றீர்கள்" என்றார்.

"ஓம்" என்றேன். பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக: "எனக்கு அது வேண்டும். நீங்கள் வரவேண்டும். நீங்களே சேலையை ஏந்தி வரவேண்டும். எனக்கு மிகவும் வேண்டும்."

அவர் நீர்க்கோப்பையை நகர்த்தி வைத்தார். "நாங்கள் உங்கள் கோயிலுக்குள் வருவதை நீங்கள் விரும்பவில்லை என்று நினைத்தேன்" என்றார். "மூன்று மாதமாக அந்தச் சேலையைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன்."

அவரும் புத்தகம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அந்த நிமிடத்தில் அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

பைக்குள்ளிருந்து குறிப்புப் புத்தகம் வெளியே வந்தது. கோடு இழுத்த சொற்களின் கீழே அவற்றைப் புதிதாக எழுதினார். பிறகு நிமிர்ந்து, வகுப்பில் கேட்பதுபோல் கேட்டார்: "நாங்கள் கோயிலுக்கு வரவேண்டுமா?"

"வேண்டாம், உங்களுக்கு வீண் கரைச்சல்" என்றேன்.

பென்சிலால் சிறிய கோடொன்று போட்டார். "நாங்கள் கோயிலுக்கு வரவேண்டுமா?"

"அவ்வளவு தூரம் எதற்கு?"

இரண்டாவது கோடு. மகள் வாயைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தரம் அவர் கேட்டு முடிக்கும் முன்பே நான் ஓமென்றுவிட்டேன். அது சற்று அவதிதான். யாரும் அதைக் குறையாக எடுக்கவில்லை.

கூறைச்சேலையை அவர் இரு கையாலும் ஏந்தி வந்த அழகைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது நீண்டுவிடும். ஆவணியில் அது நடந்தது. தட்டு சிறிதும் சாயவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பந்தியில், வாழையிலை அச்சடித்த கடதாசித் தட்டுகளுக்கு முன்னால், வேட்டியின் மேல் பெல்ட் கட்டிக்கொண்டு சம்பந்தி என் கணவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். இரண்டு தரம் சோறு வாங்கி முடித்திருந்தார். பாயசம் வந்தது. உண்மையாகவே வேண்டாமென்றால் இரண்டு கையாலும் தட்டை மூடவேண்டும், வேறு எந்தச் சொல்லும் இங்கே எடுபடாது என்று என் கணவர் முன்கூட்டியே அவருக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். அகப்பை தட்டுக்கு மேலே வந்து நின்றது. சம்பந்தி தம் பெரிய கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம்" என்றார் தமிழில், தெளிவாக. பரிமாறியவர் மறுபடி கேட்டதும் இன்னொரு தரம், "வேண்டாம்."

பிறகு கரண்டியைத் துடைத்து வைத்துக்கொண்டு, மூன்றாவது கேள்விக்காகக் காத்திருந்தார்.