காற்றில் போன நான்கு பேரல்

கிணத்துக்கடவு போகும் சாலையில் இருந்த அந்த பம்ப் உதிரிபாக ஆலையில் ஜெனிதா சுற்றுச்சூழல் அதிகாரியாகச் சேர்ந்தபோது, அவளுக்கு ஒரு நாற்காலி, ஒரு ஹெல்மெட், வாசலில் ஒரு கரும்பலகை ஆகியவற்றை ஒப்படைத்தார்கள். காற்றிலும் நீரிலும் என்ன ரசாயனம், எவ்வளவு விடுகிறோம் என்று ஊர் பார்க்க வெளியே எழுதிவைக்க வேண்டும் என்பது விதி. எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதியிருந்தது. துணியால் அழிக்கப் பார்த்தாள். பெயிண்டில் எழுதியிருந்தார்கள்.

இரும்புப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அங்கே டிரைகுளோரோஎத்திலீன் என்ற திரவத்தைத் தொட்டியில் சூடாக்குவார்கள். வாசனை இனிப்பாக இருக்கும். புற்றுநோய் தரக்கூடியது. மாதம் ஐந்து பேரல் உள்ளே வந்தது. கழிவாக ஒரு பேரல் வெளியே போனது. மீதியைத் தொட்டி குடித்திருக்க வழியில்லை. ஜெனிதா பலகைக்குக் கறுப்படித்து, 'காற்றில்: மாதம் நான்கு பேரல்' என்று எழுதினாள்.

ஒருவரும் கவனிக்கவில்லை. முதலாளி வெங்கடபதியின் கார் தினமும் அதைக் கடந்துதான் உள்ளே வந்தது. எதிரே இட்லிக்கடை போட்டிருந்த பழனாத்தாள்தான் முதலில் படித்தாள், அதுவும் வியாபாரமில்லாத ஒரு மழைநாளில்.

"ஏனுங்க அம்மணி, நாலு பேரல் காத்துலன்னு போட்டிருக்குதே, எந்தப் பக்கமுங்க போகுது?"

"காத்தடிக்கற பக்கமுங்க."

பழனாத்தாள் தன் அடுப்புப் புகை சாய்ந்த திசையைப் பார்த்தாள். மறுநாள் கடை அடுத்த வளைவுக்கு நகர்ந்துவிட்டது. தேடிவந்தவர்களுக்குச் சட்னியோடு காரணத்தையும் பரிமாறினாள். அதன்பிறகு பலகை முன்னால் கூட்டம் நிற்கத் தொடங்கியது.

நின்றவர்களில் ஜெனிதாவின் தம்பி மெல்வினும் ஒருவன். அக்கா சேர்வதற்கு முன்பிருந்தே அவனுக்குத் தொட்டியில்தான் வேலை. சாயங்காலம் போத்தனூர் வீட்டுக்குத் தலைவலியோடு வருவான். ஃபோன் பார்ப்பதால்தான் என்பார் அம்மா.

"இதுல எனக்கு எவ்வளவுக்கா?" என்று கேட்டான். குரலில் கோபமே இல்லை. ரேஷன் கடையில் கேட்பதுபோலக் கேட்டான்.

ஆலைக்குக் கணக்குப் போட்ட ஜெனிதா, தொட்டியருகே நிற்பவனுக்குப் போட்டிருக்கவில்லை. அன்று மத்தியானம் வெங்கடபதி கூப்பிட்டனுப்பினார்.

"பொய் எழுதச் சொல்லலீங்க. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாப் போடலாமில்லீங்களா?"

"போட்டர்றனுங்க. தொட்டியை மாத்திப்போட்டா நம்பரே சின்னதாயிருமுங்க. அதுவரைக்கும் அங்க யாரையும் நிறுத்த வேண்டாமுங்க."

"நிறுத்துனா?"

"அதையும் போர்டுல எழுதோணுமுங்க."

வெங்கடபதி மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். "வேற எதுலதானுங்க கழுவறது?"

"சோப்புத்தண்ணிங்க. சுடுதண்ணியில."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

சோப்புத்தண்ணியில் கழுவிய முதல் லோடு துருப்பிடித்தது. வெங்கடபதியின் மகன் உதய் அதைத் தட்டில் வைத்து ஜெனிதாவின் மேசைக்கே கொண்டுவந்து காட்டினான். உலர்த்தும் இயந்திரம் வந்தபின் துரு நின்றது. பழைய தொட்டியைக் காலி செய்தார்கள்.

மெல்வின் இப்போது பேக்கிங்கில் இருக்கிறான். தலைவலி போய்விட்டது. ரத்தப் பரிசோதனையில் இதுவரை ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் வருடாவருடம் வரச்சொல்லியிருக்கிறார் டாக்டர். ஜெனிதா கூடவே போகிறாள். வேண்டாம் என்றுதான் மெல்வின் சொல்கிறான்.